கெல்டிக் சூரியக் கடவுள் யார்? வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வினாடி வினா நடத்துகிறவர்களுக்கும், அதற்குக் கேள்வி எழுதித் தருகிறவர்களுக்கும், அந்தக் கேள்விகளைப் பொறுக்கிப் பொது அறிவுத் தொகுப்பாக அச்சடிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் சண்டையும் இருக்கிறது, மறைப்பானேன். சில மாதங்களுக்கு முன் ஒரு போட்டியில், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம், கடைசிச் சுற்றில் ஒரு கேள்வி வந்தது: "கெல்டிக் புராணங்களில் சூரியக் கடவுள் யார்?" நான் முந்திக்கொண்டு பஸ்ஸரை அழுத்தினேன். அழுத்தியபிறகுதான் யோசித்தேன். "அப்படி ஒரே ஒருவரைச் சொல்ல முடியாது" என்றேன். கேள்வி கேட்டவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த அணிக்குப் போய்விட்டார். அவர்கள் "லுக்" என்றார்கள். கைதட்டல், பத்து மதிப்பெண். நாங்கள் கடைசியில் தோற்றது ஐந்தே மதிப்பெண்ணில் என்பதால் இந்த மடலில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி முடிந்து டீ குடிக்கும்போது கேள்வி எழுதியவரிடமே போய்க் கேட்டேன். "எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தானே சார் இருக்கு, கிரேக்கருக்கு ஹீலியோஸ், எகிப்தியருக்கு ரா, இவங்களுக்கு லுக்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படித்தான் இருக்கிறது, ஒரு பட்டியல். ஒவ்வொரு மக்களுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பெயர், ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் பட்டியல் போட்டவருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. என் வழக்கு அந்தக் கட்டத்தின் மேல்தான்.

முதலில் பெயர். அயர்லாந்துக் கதைகளில் வரும் அந்தத் தெய்வத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது கடைசியில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் நாம் லுக் என்கிறோம். இன்றைய ஐரிஷ்காரர்கள் லூ என்றுதான் சொல்கிறார்கள். அதேபோல ஸ்காட்லாந்தின் கால்பந்து அணியைச் சொல்லும்போதுதான் செல்டிக், அயர்லாந்து, பிரிட்டன், இன்றைய பிரான்ஸ் பக்கமெல்லாம் வாழ்ந்த பழைய மக்களையும் அவர்கள் மொழியையும் சொல்லும்போது கெல்டிக். இது சில்லறை விஷயம், விடுங்கள்.

இந்த லூ யார் என்று பழைய கதையைத் திறந்து பார்த்தால் சூரியன் எங்கேயும் கண்ணில் படாது. மொய்துரா என்ற இடத்தில் நடந்த இரண்டாம் போரைச் சொல்லும் கதை அது, நமக்குக் கிடைத்திருக்கும் பிரதி 16-ஆம் நூற்றாண்டுடையது, உள்ளே இருக்கும் மொழி அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. தாராவில் மன்னன் நுவாதா விருந்து நடத்திக்கொண்டிருக்கிறான். வாசலில் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். தொழில் தெரியாதவனுக்கு உள்ளே இடமில்லை, உனக்கு என்ன தெரியும் என்கிறான் காவலாளி. தச்சு வேலை தெரியும். தச்சன் இருக்கிறான். கொல்லு வேலை தெரியும். கொல்லன் இருக்கிறான். மல்லுக்கு நிற்பேன். அதற்கும் ஆள் இருக்கிறது. யாழ் வாசிப்பேன். இருக்கிறான். வீரன், பழங்கதையும் பாட்டும் தெரிந்த புலவன், மந்திரவாதி, வைத்தியன், பானம் பரிமாறுகிறவன், வெண்கல வேலைக்காரன், ஒன்று விடாமல் எல்லாரும் இருக்கிறார்கள், நீ வேண்டாம். அப்போதுதான் அவன் கேட்கிறான்: சரி, இத்தனையும் தெரிந்த ஒரே ஆள் உங்களிடம் இருக்கிறானா என்று உன் ராஜாவைக் கேட்டுவிட்டு வா. வேலை தேடி ஊர் ஊராக நேர்காணலுக்குப் போன காலத்தில் இந்தப் பதில் எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதனால் அவனுக்கு வந்த பட்டப்பெயர் 'பல கலையும் ஒருங்கே தெரிந்தவன்' என்பது. இன்னொரு பட்டப்பெயர் 'நீண்ட கையன்'. ஈட்டியும் கவண்கல்லும் வெகு தூரம் எறிகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் பின்னால் வந்த சிலருக்கு அந்த நீண்ட கை சூரியக் கதிராகத் தெரிந்தது.

அயர்லாந்துக்கு வெளியேயும் இவனுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. கோல் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சிலும் அதன் சுற்றுப்புறத்திலும், லுகுஸ் என்ற தெய்வம் இருந்திருக்கிறது. லியோன் நகரத்தின் பழைய பெயர் லுக்டூனும், லுகுஸின் கோட்டை என்று பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். ஸ்பெயினில் ஒஸ்மா என்ற ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது, அதில் அதே பெயர் பன்மையில், லுகோவெஸ் என்று இருக்கிறது. அதைச் செருப்புத் தைக்கிறவர்களின் சங்கத்துக்காக ஒருவர் வைத்தார். நான் இதை முதலில் படித்தபோது ஒரு விசித்திரமான தகவல் என்று கடந்துவிட்டேன். அப்புறம் வேல்ஸ் நாட்டுக் கதையைப் படித்தபோதுதான் எழுந்து உட்கார்ந்தேன். அங்கே இவனுடைய பெயர் ஹ்லெய். நான் பெயர் வைத்தாலொழிய உனக்குப் பெயரே கிடையாது என்று பெற்ற தாய் அரியன்ரோட் சபித்துவிடுகிறாள். அவனை வளர்க்கும் மந்திரவாதி க்விதியோன் என்ன செய்கிறான் தெரியுமா, தானும் பையனும் செருப்புத் தைக்கிறவர்கள் மாதிரி வேடம் போட்டு அவள் வீட்டுப் பக்கம் படகில் போகிறார்கள். அவள் காலுக்கு அளவு கொடுக்க வருகிறாள். பையன் ஒரு குருவியை அதன் காலில் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே குறி தப்பாமல் அடிக்கிறான். 'அந்த வெளிச்ச முகக்காரனுக்குக் கை எவ்வளவு தேர்ந்த கை' என்று அவளையும் அறியாமல் சொல்லிவிடுகிறாள், அதுவே பெயராகிவிடுகிறது. ஸ்பெயினில் செருப்புத் தைக்கிறவர்கள் கும்பிட்ட தெய்வம், வேல்ஸ் கதையில் செருப்புத் தைக்கிறவனாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

கவனித்திருப்பீர்கள், 'வெளிச்ச முகக்காரன்' என்று ஒரு சொல் வந்துவிட்டது. ஆமாம், வேல்ஸ் மொழியில் ஹ்லெய் என்றால் வெளிச்சம் என்றும் பொருள் கொள்ளலாம், இடைக்காலக் கதைசொல்லி அப்படித்தான் கொண்டிருக்கிறார். உங்கள் தரப்புக்கு இருக்கும் நல்ல ஆதாரங்களில் இது ஒன்று என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது, இதைவிடப் பலமானது: துய்ரனின் மக்கள் பட்ட பாட்டைச் சொல்லும் பிற்காலத்து ஐரிஷ் கதை. அதில் எதிரிப் படையிலிருக்கும் ப்ரெஸ், என்ன அதிசயம், தினமும் கிழக்கே உதிக்கும் சூரியன் இன்று மேற்கே உதிக்கிறதே என்கிறான். அப்படி உதித்திருந்தால் நமக்கு நல்லதாகப் போயிருக்கும், அது லூவின் முகத்து ஒளி என்கிறார்கள் அவனுடைய மந்திரவாதிகள். அருமையான காட்சி. ஆனால் நிதானமாகப் படியுங்கள், மந்திரவாதிகள் சொல்வது 'அது சூரியன் இல்லை' என்பதுதானே? நிலவு போல முகம் என்று பாடிய புலவரை வைத்து அந்தப் பெண்ணை நிலாத் தெய்வம் ஆக்கிவிடுவோமா?

பிறகு எப்படி இவன் சூரியன் ஆனான்? அது 19-ஆம் நூற்றாண்டு வேலை. ஆக்ஸ்ஃபோர்டில் மாக்ஸ் முல்லர் பாடம் நடத்திய காலம். புராணம் என்றாலே அடியில் சூரியன் இருக்கும், விடியலும் அந்தியும் மேகமும்தான் பிற்பாடு தேவனும் அசுரனும் இளவரசியுமாக மாறின என்ற எண்ணம் அப்போது பெரிய அறிவியல் மாதிரி உலாவியது. அதே ஆக்ஸ்ஃபோர்டில் கெல்டிக் மொழிக்கு முதல் பேராசிரியராக இருந்த ஜான் ரீஸ், 1886-இல் கெல்டிக் மதத்தைப் பற்றி நடத்திய சொற்பொழிவுகளில் லூவைச் சூரியன் என்றார், ஹ்லெய்யையும் அப்படியே என்றார். பெரிய மனிதர் சொன்னால் நிற்கும், நின்றது, அதற்கு அடுத்து வந்த கையேடு எல்லாம் அதையே திருப்பிச் சொன்னது. இவ்வளவுக்கும் அதற்கு முன்பே, 1870-இல், டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பத்திரிகையில் லிட்டில்டேல் என்ற பாதிரியார் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதியிருந்தார். மாக்ஸ் முல்லரின் முறையை மாக்ஸ் முல்லர் மேலேயே பிரயோகித்து, அந்தப் பேராசிரியர் மனிதரே இல்லை, அவரும் சூரிய புராணம்தான் என்று நிரூபித்துக் காட்டினார். ஊரே சிரித்தது, ஆனாலும் பட்டியல் மாறவில்லை.

ரீஸ் தரப்பின் பெரிய ஆயுதம் பெயர்தான். லூ, லுகுஸ் எல்லாம் 'ஒளி' என்ற பொருள் தரும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை என்றார்கள். இன்று மொழியியலாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை, காரணம் ஒரே ஒரு ஒலி. இதைத் தமிழில் விளக்குவது கொஞ்சம் கஷ்டம், நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. 'பக்கம்' என்று சொல்லும்போது வரும் ககரம் வேறு, 'பங்கு' என்று சொல்லும்போது வரும் ககரம் வேறு அல்லவா? ஒளிக்கான வேரில் இருப்பது 'பக்கம்' ககரம், அது கெல்டிக் மொழிகளில் அப்படியே நின்றிருக்க வேண்டும். லுகுஸின் பெயரில் இருப்பதோ 'பங்கு' ககரம். வல்லொலி காரணமில்லாமல் மெலியாது. அதனால் சிலர் 'சத்தியம், ஆணை' என்ற பொருளுள்ள வேறு வேரைக் காட்டுகிறார்கள், ஐரிஷிலும் வேல்ஸிலும் ஆணைக்கான சொற்கள் அங்கிருந்துதான் வருகின்றன. அது முடிந்த முடிவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒளி என்ற தூண் ஆடிவிட்டது.

பண்டிகையையும் பாருங்கள். லூவின் பெயரில் இருக்கும் லூனஸா ஆகஸ்ட் 1-இல் வருவது, ஐரிஷில் ஆகஸ்ட் மாதத்துக்கே அந்தப் பெயர்தான். அவன் யாருக்காக அதை ஏற்படுத்தினான் என்றால் தன்னை வளர்த்த தாய் டால்டியூவுக்காக. காட்டை வெட்டிக் கழனியாக்கிய களைப்பில் செத்துப்போனவள் அவள், மீத் பகுதியில் அவள் பெயரால் உள்ள இடத்தில் விளையாட்டும் சந்தையுமாகப் பெரிய கூட்டம் கூடிவந்தது. மாய்ரே மக்நீல் என்ற அம்மையார் 1962-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அயர்லாந்து முழுக்க ஏறக்குறைய 200 இடங்களில் இந்தப் பண்டிகையின் மிச்சங்களைத் தேடித் தொகுத்தார். மலை ஏறுவது, காட்டுப் பழம் பறிப்பது, புது விளைச்சலை முதன்முதலாக உண்பது, இவைதான் அங்கே. சூரியனுக்கான நாள் என்றால் பகல் மிக நீண்ட ஜூன் மாதத்தில் அல்லவா வைத்திருப்பார்கள்? இது அறுவடை வாசலில் நிற்கும் பண்டிகை.

ஜூலியஸ் சீசரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கோல் மக்கள் எல்லாரையும்விட அதிகமாகக் கும்பிடுவது மெர்க்குரியை, எல்லாக் கலைகளையும் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். எல்லாக் கலையும் தெரிந்தவன், யார் ஞாபகம் வருகிறது? அடுத்து அப்பல்லோ, நோயை விரட்டுகிறவர். அப்புறம் மார்ஸ், ஜூபிடர், மினர்வா. சூரியன் பட்டியலிலேயே இல்லை. சில பத்திகள் தள்ளி ஜெர்மானியரைப் பற்றிச் சொல்லும்போதுதான், அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற சூரியன், நெருப்பு, நிலா ஆகியவற்றை மட்டுமே தெய்வமாகக் கொள்வதாகச் சொல்கிறார். அதாவது சீசருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. கோல் மக்கள் காலத்தைப் பகலால் எண்ணாமல் இரவால் எண்ணுகிறார்கள் என்று வேறு குறித்து வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் பெலெனஸ், க்ரான்னஸ் என்று இரண்டு பெயரை நீட்டுவீர்கள் என்று தெரியும், இன்னும் சில தொகுப்புகளில் விடையாக அவையும் இருக்கின்றன. இருவரையும் ரோமானியர் அப்பல்லோவோடு சேர்த்தார்கள், அப்பல்லோ பிற்காலத்தில் சூரியனோடு சேர்ந்துகொண்டவர், ஆகவே இவர்களும் சூரியன் என்று கணக்கு. ஆனால் க்ரான்னஸ் ஊற்றுநீரும் வைத்தியமும் இருந்த இடங்களின் தெய்வம், ஜெர்மனியின் ஆகன் நகரத்தின் பழைய பெயரில்கூட அவர் இருக்கிறார், உடம்பு சரியில்லாத பேரரசர் கரக்கல்லா அவரிடம் வேண்டிக்கொண்டதாக ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சொல்கிறார். பெலெனஸ் அக்விலேயா நகரத்தின் காவல் தெய்வம், 238-இல் ரோமப் பேரரசர் மாக்ஸிமினஸின் படை அந்த நகரத்தை முற்றுகையிட்டு முடியாமல் போனபோது வீரர்கள் சிலர், அந்தத் தெய்வமே ஊருக்கு மேலே நின்று போரிட்டதைப் பார்த்தோம் என்றார்களாம். தோற்றுப்போனவர்கள் சொல்லும் காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அப்படியானால் கெல்டிக் மக்கள் சூரியனைக் கும்பிடவே இல்லையா? கும்பிட்டார்கள், அதற்குச் சாட்சி சொல்வது செயின்ட் பாட்ரிக். 5-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டு அயர்லாந்தில் அடிமையாக இருந்து, தப்பி, பிறகு பாதிரியாராக அங்கேயே திரும்பிப் போனவர். தன் வாழ்க்கையைப் பற்றி அவரே லத்தீனில் எழுதியதன் கடைசிப் பகுதியில், நாம் காணும் இந்தச் சூரியன் கடவுளின் கட்டளையால் தினமும் உதிக்கிறது, ஆனால் அது ஒருநாளும் அரசாளாது, அதன் ஒளியும் நிலைக்காது, அதை வணங்குகிறவர்கள் கெட்டுப்போவார்கள், நாங்கள் வணங்குவது கிறிஸ்து என்னும் மெய்ச் சூரியனை என்கிறார். எதிரே யாரும் வணங்காத ஒன்றை இவ்வளவு காட்டமாகத் திட்ட மாட்டார்கள். ஆனால் பாருங்கள், பெயர் எதுவும் இல்லை. சூரியன், அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சி ஐரிஷ் மன்னன் லோய்கரேயின் கதை. அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதிக்காரர்களிடம் போரில் சிக்கிக்கொண்டு, இனி உங்களிடம் மாட்டுக் கப்பம் கேட்க மாட்டேன் என்று சூரியன், நிலா, நீர், காற்று இவற்றின் மேல் ஆணையிட்டுத் தப்பி வருகிறான். பிறகு ஆணையை மீறி அங்கேயே போகிறான். வெயிலும் காற்றும் அவனைக் கொன்றுவிட்டன என்று ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. இங்கே சூரியனுக்கு உருவம் இல்லை, கதை இல்லை, குடும்பம் இல்லை, தினமும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி அது, சத்தியம் தவறினால் சும்மா விடாது. நம் ஊரிலும் சூரிய சந்திரர் சாட்சியாக என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உருவம் கொடுத்துப் பார்த்த இடங்களில் அது பெரும்பாலும் பெண்ணாக இருக்கிறது. ஐரிஷில் சூரியனுக்குச் சொல் க்ரீயன், பெண்பால். (சூரியன் மாதிரியே ஒலிக்கிறதே என்று கோடு போட்டு இணைத்துவிடாதீர்கள், சம்பந்தமில்லை. சம்பந்தம் இருப்பது வேறொரு சொல்லில், வருகிறேன்.) லிமரிக் பகுதியில் க்ரீயனின் குன்று என்று ஒரு குன்று உண்டு, அதற்குச் சில மைல் தள்ளி ஆன்யாவின் குன்று. ஆன்யா என்றால் ஒளி, பிரகாசம். ஆன்யா கோடைச் சூரியன், க்ரீயன் குளிர்காலச் சூரியன் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள், கேட்க அழகாக இருக்கிறது, பழைய நூல்களில் அப்படி ஒரு பங்கீடு இல்லை. பழைய நூலில் இருக்கும் ஆன்யா வேறு மாதிரி, தன்னைப் பலாத்காரம் செய்த மன்னன் ஐலிலின் காதைக் கடித்துத் துப்பியவள். அங்கஹீனன் ஆட்சி செய்யக்கூடாது என்பது அந்த நாட்டு முறை.

எனக்கு மிகவும் பிடித்தது 1879-இல் டேவிட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் அந்தக் குன்றைச் சுற்றியுள்ள ஊர்களில் கேட்டு எழுதி வைத்தது. புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவு, அதாவது ஜூன் 23, ஊர் ஆண்கள் கழியின் நுனியில் வைக்கோலும் புல்லும் கட்டிப் பந்தமாகக் கொளுத்திக்கொண்டு குன்றைச் சுற்றுவார்கள். பிறகு அதே பந்தத்தோடு வயல்களுக்கும் மாடுகளுக்கும் நடுவே ஓடுவார்கள், பயிருக்கும் மாட்டுக்கும் அந்த வருஷம் ஒன்றும் வராது. ஒரு வருஷம் ஊரில் ஒரு சாவு, எடுக்கவில்லை, அதனால் பந்தம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி பார்த்தால் குன்றின் மேல் எப்போதையும்விட அதிகப் பந்தங்கள், முன்னால் நடத்திக்கொண்டு போனவள் ஆன்யா. இன்னொரு வருஷம் சில பெண்கள் பந்தம் பார்க்க வந்தவர்கள் நேரம் போவது தெரியாமல் தங்கிவிட்டார்கள். ஆன்யா அவர்களுக்கு நடுவே வந்து நின்றாள், எனக்கு மரியாதை செய்ததற்கு நன்றி, இப்போது வீட்டுக்குப் போங்கள், குன்று எங்களுக்கு வேண்டும் என்றாள். 'எங்களுக்கு' என்றால் யார் என்று காட்டுவதற்காக ஒரு மோதிரத்தை நீட்டி அதன் வழியே பார்க்கச் சொன்னாள். வெறும் குன்றாக இருந்தது முழுக்க ஜனங்கள்.

இதை ஒரு கட்டத்துக்குள் எப்படிப் போடுவீர்கள்? கோடைத் தீ இருக்கிறது, பெயரில் ஒளி இருக்கிறது, பயிரும் மாடும் இருக்கின்றன, ஊரின் செத்தவரும் இருக்கிறார். சூரியத் தேவி என்று எழுதினால் பாதி வெளியே நின்றுவிடுகிறது, எழுதாவிட்டாலும் மனசு கேட்கவில்லை.

அரச வம்சத்திலும் சூரியன் உண்டு. அயர்லாந்தைக் கடைசியாக ஆண்ட மூன்று தெய்வ மன்னர்களில் ஒருவன் மக் க்ரேனே, சூரியனின் மகன் என்று பொருள். அவன் மனைவி ஏரியு. இன்று அந்த நாடு தன்னை ஏரே என்று அழைத்துக்கொள்வது அவள் பெயரால்தான்.

இப்போது நான் தள்ளிப்போட்ட சொல். வேல்ஸ் மொழியில் சூரியன் 'ஹெயில்', லத்தீனில் 'ஸோல்', சமஸ்கிருதத்தில் 'சூர்ய', எல்லாம் ஒரே வேர். அந்த வேர் ஐரிஷிலும் வந்திருக்கிறது, 'சூல்' என்று, ஆனால் அங்கே அதற்குப் பொருள் சூரியன் இல்லை, கண். நாம் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கிச் சூரியன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லும், டப்ளினில் ஒரு பாட்டி 'கண் வலிக்கிறது' என்று ஐரிஷில் சொன்னால் அதில் வரும் சொல்லும் ஒன்றுவிட்ட உறவு. இது தெரிந்த நாளிலிருந்து நான் லூவின் கதையை வேறு மாதிரிதான் படிக்கிறேன். ஏனென்றால் மொய்துராப் போரில் லூ கொல்வது தன் தாய்வழித் தாத்தா பலோரை. பலோருக்கு ஒரு கண், போர்க்களத்தில் மட்டும் திறப்பது, இமையைத் தூக்கவே நாலு ஆள் வேண்டும், அது பார்த்த படை நிற்காது. லூ கவண்கல்லால் அடித்ததில் அந்தக் கண் தலையின் பின்பக்கமாகப் போய் அவனுடைய படையையே பார்த்துவிடுகிறது. எரிக்கும் ஒற்றைக் கண்ணும் அதை அணைத்த பேரனும்: இதில் யார் சூரியன்? உங்கள் அட்டைப்படி கல்லெறிந்தவன். எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

கண் என்றதும் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் போக வேண்டும். 46 டிகிரி வெந்நீர், நாளுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல், பூமிக்குள்ளிருந்து தானாக வந்துகொண்டே இருக்கிறது. அங்கே குடியிருந்தவள் சூலிஸ். அவள் பெயரும் அந்தக் கண்/சூரியன் சொல்லோடு சேர்ந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ரோமானியர் அவளை மினர்வாவோடு சேர்த்தார்கள், அப்பல்லோவோடு சேர்க்கவில்லை, கவனியுங்கள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் ஈயத் தகட்டில் முறையிட்டு ஊற்றுக்குள் போட்டார்கள், அப்படிப்பட்ட தகடுகள் ஏறக்குறைய 130 கிடைத்திருக்கின்றன. டோசிமேடிஸ் என்ற ஒருவன் இரண்டு கையுறையைப் பறிகொடுத்துவிட்டு, எடுத்தவன் புத்தியையும் கண்ணையும் இழக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறான். கையுறைக்குக் கண் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் யாரிடம் கேட்கிறான் பாருங்கள், பெயரிலேயே கண்ணை வைத்திருப்பவளிடம். இதே ஊரில் ஒரு பலிபீடம், லூக்கெட்டியஸ் என்ற பட்டம் கொண்ட மார்ஸுக்கு வைத்தது. அந்தப் பட்டத்தில்தான் ஒளிக்கான வேர் தன் 'பக்கம்' ககரத்தோடு பத்திரமாக இருக்கிறது.

கண் பிற்காலத்திலும் மூடவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் அலெக்சாண்டர் கார்மைக்கேல் 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்த பாடல்களில் சூரியனுக்கு ஒன்று இருக்கிறது, சூரியனைப் பெருங்கடவுளின் கண் என்று கூப்பிடுகிறது. காலையில் வெளியே வந்து முதன்முதலாகச் சூரியனைப் பார்க்கும் கிழவர்கள் தொப்பியைக் கழற்றி அதைச் சொல்வார்களாம். கார்மைக்கேல் பாடல்களைத் தன் கைப்பட மெருகேற்றினார் என்ற குற்றச்சாட்டு உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் பாடியவர்கள் எல்லாரும் சுத்தமான கிறிஸ்தவர்கள், பாட்ரிக் திட்டி ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும் தொப்பி கழன்றுகொண்டுதான் இருந்தது.

சக்கரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கையில் சக்கரம் வைத்திருக்கும் தெய்வ உருவங்கள் கோல் நாட்டில் நிறைய, டென்மார்க்கில் 1891-இல் சதுப்பில் கிடைத்த குண்டெஸ்ட்ரூப் வெள்ளிக் கொப்பரையிலும் சக்கரம் உண்டு. சக்கரம் என்றால் சூரியன் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் பிரான்சில் கிடைத்த ஒரு வெண்கலச் சிலையில் ஒரு கையில் சக்கரம், மறு கையில் மின்னல். அது இடியின் தெய்வமான தரானிஸாக இருக்கலாம், உருளுகிற இடியாகவும் சக்கரம் இருக்கலாம். அயர்லாந்தின் நியூகிரேஞ்சை மட்டும் தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள். டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாட்களில் விடியற்காலை வெயில் வாசலுக்கு மேலுள்ள இடுக்கு வழியாக உள்ளறை வரை போகும் அந்தக் கல்லறைமேட்டைக் கட்டியது பொ.ஆ.மு. 3200 வாக்கில், கெல்டிக் மொழி அந்தத் தீவுக்கு வருவதற்கு வெகு முன்பே. 1967 டிசம்பர் 21 அன்று தொல்லியலாளர் ஓகெல்லி உள்ளே தனியாக உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். கெல்டிக் கதைக்காரர்கள் கட்டவில்லை, ஆனால் அந்த மேட்டைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள்: தாக்தா என்ற தெய்வம் அங்கே குடியிருந்தவளோடு ரகசியமாகக் கூடி, அவள் கணவனுக்குத் தெரியாமல் குழந்தை பிறப்பதற்காக ஒன்பது மாதத்தை ஒரே பகலாக நிறுத்தி வைத்தான். இரவே வராத ஒன்பது மாதம். அந்தக் கதைக்கும் உள்ளே நுழையும் வெயிலுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று ஆசையாகத்தான் இருக்கிறது, ஆசையை வைத்துக் கேள்வி போட முடியாது.

ஆக, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒரு கேள்வியைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிலுக்கு வேறு கேள்விகள் தருகிறேன், காப்புரிமை எல்லாம் கேட்க மாட்டேன். தாராவின் வாசலில் தன் தொழில்களை அடுக்கியவன் யார் என்று கேளுங்கள், லூ என்ற அதே விடை வரும், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எந்த மொழியில் சூரியனுக்கான பழைய வேர் கண்ணுக்குப் பெயராயிற்று என்று கேளுங்கள். கையுறை தொலைத்த டோசிமேடிஸ் யாரிடம் முறையிட்டான் என்று கடைசிச் சுற்றில் கேட்டால் அரங்கமே சிரிக்கும். அப்படியும் விட மனசில்லை, சூரியன் வேண்டும்தான் என்றால், '19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சூரியக் கடவுள் என்று கருதிய ஐரிஷ் தெய்வம் எது' என்று ஒரு வரி கூட்டிக்கொள்ளுங்கள், அட்டையில் இடம் போதும்.

அந்தப் பத்து மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜெயித்த அணியில் ஒரு பெண், எனக்கு மகள் வயது இருக்கும், டீ குடிக்கும் இடத்தில் நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், "அப்போ ஆன்யாவோட மோதிரம் இப்போ எங்க சார் இருக்கு?" என்றாள். அதற்கும் என்னிடம் விடை இல்லை.

இப்படிக்கு,
ஐந்து மதிப்பெண்ணில் தோற்ற அணியின் மூன்றாவது ஆள்